அம்மாவுக்குப் படிக்கிற புத்தகம்

பல்லடத்துக்குப் பக்கத்தில் சின்னக்காட்டுப்பாளையம் என்று ஓர் ஊர். அங்கே இருந்த தொடக்கப்பள்ளிக்கு மூன்று பக்கமும் தறிக்குடோன்கள். விசைத்தறிகளின் சத்தம் காலையில் ஆரம்பித்தால் ஓயவே ஓயாது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருகிற எந்த வாத்தியாருக்கும் முதல் வாரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் கத்திப் பேசப் பழகிவிடும். அப்புறம் வீட்டிலும் கத்திப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சாயிரா பானு டீச்சர் கோயம்புத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவள் வீட்டுக்காரர் உமர் பாரூக், "நான் பக்கத்துலதான் இருக்கேன் சாயிரா, பல்லடத்துல இல்ல" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

அந்தப் பள்ளியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அந்த ஊரிலேயே படித்து, கோழிப்பண்ணை வைத்து ஆளாகிவிட்ட அப்புசாமி, அந்த அறைக்கு ஏதாவது செய்து தருவதாக வாயை விட்டார். வாயை விட்டதுதான் தாமதம், தலைமையாசிரியர் செங்கோட்டையன் கலர் டி.வி. கேட்டார். கல்வி நிகழ்ச்சிகள் பார்க்கத்தான் என்றார். வருகிற பிப்ரவரியில் உலகக் கோப்பை கிரிக்கெட் வருகிறது என்பது அவருக்கு ஞாபகமே இல்லை என்று நாமும் நம்பிவைப்போம்.

சாயிரா புத்தகம் கேட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கதைப் புத்தகம். பாடப்புத்தகம் தவிர வேறொன்றைக் கையால் தொட்டிராத பிள்ளைகள் அவை. அவற்றுக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்தே தீருவது என்று அவளுக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

அப்புசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், டி.வி. போட்டா அது பாட்டுக்கு ஓடும். புக்கு ஓடுங்களா? நம்ம புள்ளைங்க படிக்கோணுமில்லீங்க?"

"படிப்பாங்க."

"சேரி, அப்பிடின்னா ஒண்ணு செய்யலாமுங்க. இப்பத்திக்கு புக்கு வாங்கித் தாரேன். ஆண்டு விழாவன்னிக்கு நானே மேடைல ஒரு புள்ளைய நிறுத்தி, அதுவரைக்கும் பாக்காத புக்க கையில குடுத்துப் படிக்கச் சொல்லுவேன். படிச்சுப்போட்டா ரூமு உங்களுக்கு. வருசா வருசம் புது புக்கு வரும். முழிச்சா டி.வி. வந்துபோடும். நாயந்தானுங்களே?"

செங்கோட்டையன் புன்னகை பூத்தார். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற லட்சணம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மறுவாரமே சாயிரா கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் சுந்தரராஜுலுவின் புத்தகக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து நடுப்பக்கத்தில் ஒரு பத்தியை உதடு அசைத்துப் படிப்பாள். பிடிக்காவிட்டால் ஓரமாகத் தள்ளுவாள். ஓரத்தில் மலை மாதிரி குவிந்தது. சுந்தரராஜுலு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏனம்மா, புக்கு எடுக்கறீங்களா, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கறீங்களா? அதுல என்ன கொறை?"

"கடைசிப் பக்கத்துல நீதி சொல்லியிருக்குதுங்க."

"நீதி நல்லதுதானுங்களே?"

"கதைய ரசிச்சுப் படிச்சுட்டு வர்ற புள்ளைய வாசல்ல நிறுத்தி புத்தி சொன்னா, மறுக்கா அந்தப் பக்கம் வருமாங்க?"

அவளுக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு, பாதிக் கதையைப் படமே சொல்லிவிட வேண்டும். திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி வேண்டும், எழுத்துத் தெரியாத பிள்ளைகூட அந்த இடம் வந்ததும் சேர்ந்து கத்த வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு, அடுத்து என்ன ஆகுமோ என்று அடிவயிற்றில் பிசைய வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எதையும் கழற்றிப் பார்க்கிற ஜாதி. சைக்கிள் எப்படி ஓடுகிறது, இடி எப்படி இடிக்கிறது என்று சொல்கிற புத்தகம் அவர்களுக்கு. ஐந்தாம் வகுப்புக்கு நெடுங்கதை. கடைசியில் கொஞ்சம் அழ வைத்தாலும் பரவாயில்லை, அந்த வயதில் தாங்குவார்கள்.

மூட்டைகளை உமர் பாரூக் தோளில் சுமந்து வந்து உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டார். அறையில் அலமாரி வந்தது. சாயிரா ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் கலர் காகிதம் ஒட்டி, தட்டுக்குத் தட்டு வகுப்பு எண் எழுதினாள். பார்க்க வந்த அப்புசாமி சொக்கிப்போனார். "அட, முட்டைய சைஸ் பாத்துத் தட்டுல அடுக்கறாப்பல அடுக்கிப்போட்டீங்களே!"

அந்தப் பாராட்டில்தான் கோளாறு இருந்தது. ஆனால் அது அப்போது அவளுக்குப் புரியவில்லை.

ஒன்றாம் தட்டும் இரண்டாம் தட்டும் காலியாகிக் காலியாகி நிரம்பின. நாலாம் தட்டும் ஐந்தாம் தட்டும் வைத்தது வைத்தபடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப்போவார்கள், மறுநாள் மடிப்புக் கலையாமல் திருப்பி வைப்பார்கள். "படிச்சியா?" என்றால், "படிச்சேனுங்க டீச்சர்." "என்ன கதை?" என்றால், மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்பார்கள். செங்கோட்டையன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டி.வி. வைக்கச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டு போனார். சாயிராவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளைகள் மேலா, தன் மேலா என்று தெரியாத ஆத்திரம்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்பு லோகப்பிரியா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெரிய புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் நடுங்குகிற பெண் அது. குரல் தொண்டையைத் தாண்டாது. வாயை மட்டும் அநியாயத்துக்கு அகலமாகத் திறந்து திறந்து மூடுவாள். "எதுக்கு கண்ணு வாய இப்படிக் கோணுறே?" என்று சாயிராவே கடிந்திருக்கிறாள். அந்தப் பெண் இப்படிச் சிரித்துச் சிரித்துப் படிக்கிறதே என்று பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். பெரிய புத்தகத்துக்குள்ளே ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒளிந்திருந்தது. பஸ் டிக்கெட்டைத் தின்றுவிட்ட ஆட்டுக்குட்டியின் கதை.

லோகப்பிரியா டப்பென்று மூடினாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர்."

சாயிராவுக்குச் சுருக்கென்றது. அலமாரி முழுக்க எண் எழுதி வைத்து, படிக்கத் தெரியாத பிள்ளையை அவளே காட்டிக் கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்புக்காரி ஒன்றாம் தட்டில் கை வைத்தால் ஊரே பார்க்கும். அதனால் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் படிக்க முடியாத புத்தகத்தைச் சுமந்துபோய்ச் சுமந்து வந்திருக்கிறது. முட்டையைச் சைஸ் பார்த்து அடுக்கலாம். பிள்ளையை அடுக்க முடியுமா?

"இதுல என்ன வெக்கம்? உன்ற தம்பிக்குப் படிச்சுக் காட்ட எடுத்தேன்னு சொல்லேன்."

"தம்பி இல்லீங்க டீச்சர்."

"தங்கச்சி?"

"நானும் அம்மாவும் மட்டுந்தானுங்க."

"அப்ப அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. அம்மா படிச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. தறி ஓட்டுறாங்க." லோகப்பிரியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குன்னா, எந்தக் கிளாஸ் புக்க வேண்ணாலும் எடுக்கலாமுங்களா?"

அந்தக் கேள்வி சாயிராவை உலுக்கிவிட்டது. அன்று மாலை பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, புத்தக முதுகில் ஒட்டியிருந்த கலர் காகிதத்தை எல்லாம் உரித்துப் போட்டாள். தட்டுகளில் வகுப்பு எண்ணை அழித்தாள். அதற்குப் பதில், யாருக்குப் படித்துக் காட்டுவது என்று எழுதினாள். படம் நிறைந்த குட்டிப் புத்தகங்கள் இருந்த தட்டுக்கு 'தொட்டில் பாப்பாவுக்கு.' சிரிப்புக் கதைகளுக்கு 'தம்பி தங்கச்சிக்கு.' மர்மக் கதைகளுக்கு 'கூட்டாளிக்கு.' இடியும் சைக்கிளும் 'அப்பாவுக்கு.' நெடுங்கதைகள் இருந்த தட்டில் 'அம்மாவுக்கு' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, எளிதான புத்தகங்கள் சிலவற்றையும் அதிலேயே கலந்து வைத்தாள்.

மறுநாள் செங்கோட்டையன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன டீச்சர் இது? அஞ்சாங்கிளாஸ் புக்கு எது, ஒண்ணாங்கிளாஸ் புக்கு எதுன்னு ஆபீசர் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"எனக்குத் தெரியும் சார். புள்ளைங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல."

அதற்கப்புறம்தான் அந்த அறையில் கூட்டம் கூடியது. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் கூச்சமில்லாமல் தொட்டில் பாப்பா தட்டைக் கிளறினார்கள். வீட்டில் தொட்டிலே இல்லாதவன்கூட எடுத்தான். இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அப்பாவுக்கு என்று இடியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்து, மின்னல் ஏன் முந்துகிறது என்று செங்கோட்டையனையே மடக்கினான். ஒரு புத்தகம் முடிந்தால் சாயிரா அதைவிட ஒரு பிடி கஷ்டமான அடுத்ததைக் கையில் திணிப்பாள். எது அடுத்தது என்கிற கணக்கு அவள் தலைக்குள் இருந்தது.

லோகப்பிரியா மட்டும் வகுப்பில் அதே நடுக்கம்தான். ஆனால் ஆட்டுக்குட்டி முடிந்து, யானை முடிந்து, கிணற்றில் விழுந்த பூதமும் முடிந்துவிட்டது. இவள் நிஜமாகவே படிக்கிறாளா என்று பார்க்க சாயிரா ஒரு சாயங்காலம் தறிக்குடோனுக்குப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் காது அடைத்துப்போனது. லோகப்பிரியாவின் அம்மா தெய்வாத்தாள் தறிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். அந்தப் பக்கம் லோகப்பிரியா, நூல் சுற்றிய தார்க்கட்டை போடுகிற கூடையைக் கவிழ்த்து அதன்மேல் நின்றுகொண்டு, புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காத அந்தச் சத்தத்தில் தெய்வாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். காதால் இல்லை. அவள் கண் ஒரு தடவை தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டைக்கும் ஒரு தடவை மகளின் உதட்டுக்கும் போய்ப் போய் வந்தது. அறுந்த நூலை விரல் தானாக முடிந்தது. பக்கத்துத் தறிப் பெண்களும் கழுத்தை நீட்டி லோகப்பிரியாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

தறிக்காரப் பெண்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். குழம்புக்கு என்ன என்பதிலிருந்து சம்பந்தி சண்டைவரை அப்படித்தான். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வாயை அகலத் திறந்து பேசாமல் வேறெப்படிப் பேசும்! இதைப் போய்க் கோணல் என்று திட்டினேனே என்று சாயிராவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது.

பிப்ரவரியில் ஆண்டு விழா வந்தது. பந்தல், மைக் செட், வாழை மரம். முன்வரிசை நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். ஷிப்ட் முடிந்து வந்த தறிக்காரப் பெண்கள், தலையில் பஞ்சுத் துகளோடு, கடைசியில் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றார்கள். பக்கத்துக் குடோன்களில் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆர்டர் அவசரமாம். மேடையில் அப்புசாமியும் செங்கோட்டையனும் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. செங்கோட்டையன் நம்பிக்கையோடு டி.வி.யை முன்கூட்டியே வரவழைத்துவிட்டார்.

அப்புசாமி, கோவையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்த புத்தகக் கட்டைத் தானே அறுத்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். நல்ல தடிமன். பிறகு கேட்டார்: "எந்தப் புள்ளைய கூப்பிடறதுங்க வாத்தியாரே?"

"அஞ்சாங்கிளாஸ்ல லோகப்பிரியாவக் கூப்பிடுவோமுங்க" என்றார் செங்கோட்டையன், இனிக்க இனிக்க.

பெயரைக் கேட்டதும் லோகப்பிரியா வெளுத்துப்போனாள். அவளை மேடைப் படிவரை கூட்டிக்கொண்டு போன சாயிரா, குனிந்து அவள் முகத்தைக் கையில் ஏந்திச் சொன்னாள்: "யாரையும் பாக்காத கண்ணு. அதோ செவுத்தோரம் உங்கம்மா நிக்கறாங்க பாரு. அம்மாவுக்குப் படி."

லோகப்பிரியா மைக் முன்னால் நின்றாள். முதல் வரி முடிவதற்குள் மைக் செட் கொர்ரென்று உறுமிப் புகைந்து அடங்கியது. தறிச் சத்தம் பந்தலை நிறைத்தது. மேடையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்தது அவளுடைய ரெட்டைச் சடை மட்டும்தான். முன்வரிசைக்காரர்கள் காதைக் குவித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

"படிக்குதுங்களா, சும்மா நிக்குதுங்களா?" என்றார் அப்புசாமி.

"நிக்குதுங்க. பாவம், பயந்துபோச்சு. பரவால்லீங்க, அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிரலாமுங்க." செங்கோட்டையன் எழுந்தேவிட்டார். அவர் கை அட்டைப்பெட்டியின் கயிற்றைத் தொட்டது. ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று சாயிரா ஓர் அடி எடுத்து வைத்தபோதுதான், பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு வெடித்தது.

சுவரோரம் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அடங்கி, எல்லோர் கண்ணும் மறுபடி மேடைக்கு வந்து நின்றது. லோகப்பிரியா பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் சிரிப்பு, இந்தத் தடவை இன்னும் பலமாக.

அப்புசாமி எழுந்து மேடை விளிம்புக்கு வந்து, கையைக் குவித்துக் கத்தினார். "ஏனம்மணி, என்னத்துக்குச் சிரிக்கறீங்க?"

தெய்வாத்தாள்தான் பதில் சொன்னாள். தறியை மீறிப் பேசிப் பழகிய குரல், மைக் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "பண்ணக்காரரு தூக்கம் கெடுதுன்னு சேவலக் கூவக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாராமுங்க! சேவலு கூவலியாமா, ஊரே தூங்கிப்போச்சாமா. திருட வந்தவன் பொழுது விடியறதுக்குள்ள போயிரலாம்னு சேவலு கூவறதுக்குக் காத்திருந்து, அவனும் தூங்கிப்போயிட்டானாமுங்க!"

அப்புசாமி லோகப்பிரியாவின் கையிலிருந்த புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கத்திலேயே படம் இருந்தது. பண்ணைக்காரர் ஒரு கட்டிலில், திருடன் அதே கட்டிலுக்கு அடியில், இரண்டு பேரும் வாயைப் பிளந்து தூக்கம். கோழிப்பண்ணை முதலாளிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் சுவரோரம் நின்ற பெண்களைக் கையால் காட்டினார்.

"எங்காத்தாளும் தறிதானுங்க ஓட்டுனாங்க" என்றார் சாயிராவிடம். "எனக்குப் பேசக் கத்துக் குடுத்ததே அந்தக் குடோன்லதான். இந்த அம்மணி படிச்சது எனக்குக் கேக்கலீங்க. ஆனா இத்தன பேரு பொய்யாச் சிரிக்க முடியாது."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, தறிக்குடோனில் பேசுகிற மாதிரியே வாயை அகலத் திறந்து சொன்னார்: "ரூமு புக்குக்குத்தான்!"

முன்வரிசைக்குக் கேட்கவில்லை. சுவரோரத்துக்குக் கேட்டுவிட்டது. குலவை போட்டார்கள். பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமலே கத்திக் குதித்தார்கள். சாயிரா பானு அழுதுகொண்டே சிரித்தாள். மூக்குத்திவரை நனைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று மனசு கூத்தாடியது.

டி.வி. பெட்டி அப்புசாமியின் பண்ணைக்குத் திரும்பிப் போனது. மேட்ச் அன்றைக்கு வாத்தியார் தாராளமாக அங்கே வந்து பார்க்கலாம், கோழி நாற்றம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார். செங்கோட்டையன் ஒரு மேட்ச்கூட விடவில்லை என்று கேள்வி.

அதெல்லாம் பிறகு. விழா முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் அப்புசாமி ஒரு காரியம் செய்தார். அறைச் சாவியைச் சாயிராவின் கையில் கொடுத்துவிட்டு, சேவல் புத்தகத்தைச் சத்தமில்லாமல் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். "மிச்சக் கதைய ஊட்டுக்குப் போயிப் பாத்துப்போட்டு நாளைக்குக் குடுத்தனுப்பறேனுங்க டீச்சர்" என்று அசடு வழிந்தார். காசு கொடுத்தவர் கேட்கிறார், எப்படி மறுப்பது என்று சாயிரா தடுமாறினாள்.

வகுப்பில் குரலே வராத லோகப்பிரியா அவர் முன்னால் போய் நின்றாள். கையை நீட்டினாள்.

"அது எங்கம்மாவுக்குங்க."

தறிச் சத்தத்தை மீறி, அந்தக் கடைசிச் சுவர்வரைக்கும் கேட்டது. அப்புசாமி அக்குளிலிருந்து புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவசர ஆர்டர் என்பதால் அடுத்த ஷிப்டுக்கும் நிற்க, அம்மாவும் மகளும் குடோனைப் பார்த்து நடந்தார்கள். சேவல் கடைசியில் கூவியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பின்னாலேயே அத்தனை பெண்களும் போனார்கள்.